சாக்பீஸ் விமானம்

— சுவத்துல நின்னுக்கிட்டுப் பேசாதீங்க. தள்ளி வாங்க.

— எந்தச் சுவரு? இங்க வெறும் தரைதானே இருக்கு.

— உங்க செருப்புக்குக் கீழ வெள்ளைக் கோடு இருக்குல்ல, அதுதான் சுவரு. விமானத்தோட இடது பக்கம். உள்ள வரணும்னா பின்னாடி கதவு போட்டிருக்கேன், அந்த வழியா வாங்க.

— தாயே, கல்யாணம் ஆனதுல இருந்து உன்னைச் சுத்திச் சுத்தி வந்தே என் முழங்கால் தேஞ்சு போச்சு. இப்ப சாக்பீஸ் கோட்டையும் சுத்தணுமா?

— சுத்தத்தான் வேணும். விமானம் நிறுத்துற இந்த ஹேங்கர்ல என் பசங்க ஒருத்தர்கூடக் கோட்டைத் தாண்டி நடக்க மாட்டாங்க. தம்பி, நீயும் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு நகரு. விமானி உக்கார்ற இடத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருக்க.

— தெரியாம உக்காந்துட்டேன் அக்கா. ஜன்னல் ஏதாவது வரைஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பதிவுக்காகக் கேக்கிறேன், ராணுவத்துல விமானத்துக்குச் சரக்கு ஏத்தக் கத்துக் குடுக்கிற ஒரே பள்ளிக்கூடம் இது. இதுக்குன்னு ஒரு பெரிய விமானம்கூட இல்லையா?

— இருந்துச்சு. அதை வித்த அன்னைக்கே நான் போய் சாக்பீஸ் டப்பா வாங்கிட்டேன். நீளமும் அகலமும் தரையில. உயரத்துக்கு அந்தக் கம்பத்துல இருந்து இந்தக் கம்பத்துக்குக் கயிறு. சரக்கு கயித்துல உரசினா, நிஜக் கதவுல இடிக்கும்னு அர்த்தம்.

— மாப்ளே, இதையும் எழுதிக்க. உன் அக்கா வீட்லயும் இப்படித்தான். கட்டில் வாங்கறதுக்கு முந்தி அறையில கட்டிலைக் கோடு போட்டு, அதுல என்னைப் படுக்கச் சொன்னா.

— படுத்தீங்கல்ல? கால் வெளிய நீட்டுச்சுல்ல? அளக்காம வாங்கியிருந்தா இன்னைக்கு வரைக்கும் மடக்கிக்கிட்டுத்தான் தூங்கியிருப்பீங்க.

— குடும்பக் கதை அப்புறம் இருக்கட்டும். அத்தான், உங்க கம்பெனி விமானம் எப்ப வரும்னு சொன்னீங்க?

— காலையில.

— இப்ப என்ன நேரம்?

— நிதிப் பிரிவுல வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து நீ கடிகாரத்தையே கண்ணால தின்னுற. வெயில் இன்னும் உச்சிக்கு வரலையே. அதுவரைக்கும் காலைதான்.

— பதிவுக்காக நானே ஒரு தடவை சொல்லிடறேன். ராணுவம் பெரிய சரக்கு விமானத்தைச் சொந்தமா வாங்கறதா, இல்ல உங்க கம்பெனிகிட்ட வருஷக்கணக்குல வாடகைக்கு எடுக்கிறதான்னு இன்னைக்குச் சாயங்காலம் குழு முடிவு பண்ணுது. கூப்பிட்ட மறுநாள் காலையில வந்து நிப்போம்னு உங்க கம்பெனி சொல்லுது. நிக்குதான்னு பார்த்துட்டு வான்னு என்னை அனுப்பினாங்க. நேத்து விடிஞ்சதும் கூப்பிட்டாச்சு. ஏஜென்ட் எனக்கு அத்தான், சரக்கு ஏத்துற அதிகாரி எனக்கு அக்கான்னு தலைவர்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன். ‘அப்ப மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் உனக்குத்தான் அடி, நீயே போ’ன்னுட்டாரு.

— நல்லா இருக்கே. அக்கா அடிப்பா, அதை ஒத்துக்கறேன். நான் எதுக்கு மாப்ளே உன்னை அடிக்கப் போறேன்? நான் வியாபாரி. எனக்கு எல்லாரும் மாமன் மச்சான்தான்.

— உங்களுக்கு இது பரீட்சை, இவனுக்கு இது ரிப்போர்ட். புயல் அடிச்ச அந்தத் தீவு ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்களுக்கு அப்படி இல்ல. அதை ரெண்டு பேரும் ஞாபகத்துல வச்சுக்கிட்டுப் பேசுங்க, சரியா?

— ஒரு நிமிஷம் அக்கா. ஆஸ்பத்திரி நிலைமை என்னன்னு நீ சொல்லவே இல்லையே.

— புயல்ல கடல்தண்ணி உள்ள வந்து பெரிய ஜெனரேட்டர் முழுகிப் போச்சு. இப்ப ஓடுறது ஒரு சின்னது. அது கல்யாண மண்டபத்துல சீரியல் பல்ப் எரிய விடுற சைசு. ஆபரேஷன் நடக்கும்போது மூச்சு மிஷினை நிறுத்தறாங்க. மூச்சு மிஷின் ஓடும்போது கத்தியைக் கீழ வைக்கிறாங்க. நின்ன மிஷினுக்குப் பதிலா நர்ஸுங்க மாறி மாறிக் கையால மூச்சுப் பையை அமுக்கிக்கிட்டிருக்காங்க. அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா இன்னைக்குக் காலையில பேசும்போது, எப்ப வரும்னுகூடக் கேக்கல. வருமான்னுதான் கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— வரும்னு சொன்னேன். எதுல வரும்னு சொல்லல.

— அதோ நிக்குதே பச்சை பெயின்ட் அடிச்சு, அதுதான் அனுப்பப் போற ஜெனரேட்டரா?

— அதுதான். கயித்துக்குக் கீழ தள்ளிப் பார்த்தாச்சு, இவங்க கம்பெனி விமானத்துல அலுங்காம போகும். நம்ம சொந்தச் சின்ன விமானம் ரெண்டு வெளிய நிக்குது. அதோட கதவுல இது பாதிகூட நுழையாது.

— கப்பல்?

— கடல் இன்னும் அடங்கல. அடங்கி, ஏத்தி, போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க ஜெனரேட்டர் கேக்க மாட்டாங்க, சவப்பெட்டி கேப்பாங்க.

— தாயே, அபசகுனமாப் பேசாத. வந்துடும். அதுக்குத்தானே வாடகை விமானம். நாம பாட்டுக்கு ஒண்ணை வாங்கி வருஷம் முழுக்க யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி போட்டு, என்னைக்கோ ஒரு நாள் வர்ற ஊர்வலத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமா? மாப்ளே, நீ எழுது. பழைய விமானம் இருந்துச்சே, அதை எத்தனை நாள் பறக்க விட்டாங்கன்னு உன் அக்காளைக் கேளு.

— கேக்க வேண்டாம், நானே சொல்றேன். பறந்த நாளை விட நின்ன நாள்தான் அதிகம். ஒரு பார்ட் கெட்டா, வெளிநாட்டுல இருந்து வர்ற வரைக்கும் அதுல குருவி கூடு கட்டும்.

— சொல்லு, சொல்லு. அப்புறம் அந்தச் சோபா கதையையும் சொல்லு.

— அதுவும் நடந்துச்சு. ஒரு பெரிய அதிகாரிக்கு மாற்றல் வந்தப்போ, அவர் வீட்டு சோபா, பீரோ, நாய்க் கூண்டு எல்லாம் அதுலதான் போச்சு. நான்தான் சங்கிலி போட்டுக் கட்டினேன். நாய் என்னைப் பார்த்துக் குரைச்சுக்கிட்டே வந்துச்சு.

— பதிவுல நாய் வேணுமா அக்கா?

— எழுதிக்க. சொந்தமா இருந்தா கையில இருக்கிறவன் ஆடத்தான் செய்வான். அதை நான் மறைக்கல. ஆனா அதே விமானம், மலைப்பக்கம் பாலம் உடைஞ்ச அன்னைக்கு, சொன்ன அடுத்த நிமிஷம் கிளம்புச்சு. யாரையும் கெஞ்சல. எங்க இருக்க, எப்ப வருவன்னு யாருக்கும் போன் போடல. இரும்புப் பாலத்தைத் துண்டு துண்டா ஏத்தினோம், விமானி கை கழுவிட்டு வந்து உக்காந்தாரு, கிளம்பிட்டோம். அதைத்தான் அடிமாட்டு விலைக்கு வித்தாங்க.

— அடிமாட்டு விலைக்கு வித்ததும் அதே ராணுவம்தான். அதை மறந்துடாத. சொந்தம் சொந்தம்னு நீ சொல்ற, பராமரிக்கத் துப்பில்லாம வித்தது யாரு? எங்க கம்பெனி அப்படி இல்ல. விமானம் எப்பவும் பறந்துக்கிட்டே இருக்கும், ஓடுற வண்டி கெடாது. விமானி அவங்க, பார்ட் அவங்க, தலைவலி அவங்க. நாம கூப்பிட வேண்டியது, ஏத்த வேண்டியது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பந்தல் வேணும்னா பந்தல்காரனைக் கூப்பிடுவியா, இல்ல மூங்கில் தோட்டமே போடுவியா?

— ஊர்ல எல்லா வீட்லயும் ஒரே முகூர்த்தத்துல கல்யாணம் வந்தா? பந்தல்காரன் ஒருத்தன்தானே?

— வராது.

— வந்துடுச்சு. புயல் இந்தத் தீவுல மட்டும் அடிக்கல. அக்கம்பக்கத்துல நாலு நாட்டுக் கரையையும் அடிச்சிருக்கு. எல்லாரும் இந்நேரம் பெரிய விமானத்துக்குத்தான் போன் போட்டுக்கிட்டிருப்பாங்க. அந்த சைசுல உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற அளவுதான் வாடகைக்கு இருக்கு.

— நாம முதல்ல கூப்பிட்டோம். முதல்ல கூப்பிட்டவங்களுக்குத்தான் முதல்ல. அது எங்க கம்பெனி தர்மம்.

— ஒரு நிமிஷம். குழுவுல இன்னொரு யோசனையும் ஓடுது. அந்த நாலு நாடும் நாமும் கூட்டுச் சேர்ந்து ஒரு விமானம் வாங்கி, முறை வச்சுப் பயன்படுத்தினா என்ன?

— மழை பெய்யும்போது அஞ்சு பேருக்கும் ஒரே குடை தம்பி. நனையப் போறது குட்டையா இருக்கிறவன்.

— குடையே இல்லாம நனையறதுக்கு அது தேவலைல்ல?

— தேவலைதான். வெயில் காலத்துல.

— மாப்ளே, இவகிட்ட நீ பேசி ஜெயிக்க முடியாது. நான் முயற்சி பண்ணி முடி நரைச்சவன்.

— முடி நரைச்சது என்னாலயா, உங்க முதலாளியாலயா? காலையில இருந்து அவர் போனை எடுக்கல. நீங்களும் நூறு தடவை கூப்பிட்டாச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிய போய் வானத்தைப் பார்த்துட்டு வர்றீங்க. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

— அவர் வேலையா இருப்பாரு.

— இருக்கட்டும். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. ரெண்டு பேரும்தான். எனக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, காத்திருந்து பெரிய விமானத்துல முழுசா ஏத்துறது. ரெண்டாவது, ஜெனரேட்டரைப் பிரிக்கிறது. எஞ்சின் தனியா, கரண்ட் தயாரிக்கிற பாகம் தனியா, ரேடியேட்டர், டேங்க் தனியா. பிரிச்சா நம்ம சின்ன விமானத்துலயே மூணு நடையில கொண்டு போயிடலாம்.

— அப்ப காலையிலயே பிரிச்சிருக்கலாமே அக்கா?

— பிரிச்சா பிரிச்சதுதான் தம்பி. எஞ்சினையும் அந்தப் பாகத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிற இடம் இருக்கே, அது மயிரிழை பிசகாம ஒரே நேர்கோட்டுல நிக்கணும். கம்பெனியில மிஷின் வச்சு நிறுத்தினது. தீவுல சேத்துல முட்டி போட்டுக்கிட்டு என் மெக்கானிக் அதைக் கையாலதான் நிறுத்தணும். தப்பா நின்னா ஓட ஓட ஆடும், ஆடி ஆடி உடைஞ்சே போகும். அதனால நாளைக்குள்ள பெரிய விமானம் நிச்சயமா வரும்னா, நான் தொட மாட்டேன். வராதுன்னா இப்பவே பிரிக்கணும். இன்னைக்கு வெளிச்சத்துல பிரிச்சு முடிச்சாத்தான் நாளைக்கு விடியும்போது முதல் நடை கிளம்பும். தீவு ஓடுதளத்துல விளக்கு இல்ல, பகல்லதான் இறங்க முடியும்.

— ரெண்டுங்கெட்டானா நின்னா?

— அதுதான் மோசம். நாளைக்கு நாளைக்குன்னு நம்பி உக்காந்திருந்து, அப்புறம் வராம போனா ரெண்டு நாள் போச்சு. அந்த நர்ஸுங்க கையும் எத்தனை நாள் தாங்கும்?

— தாயே, பிரிக்காத. பிரிச்சா இந்தப் பரீட்சையில நான் தோத்தேன்னு ஆயிடும்.

— உங்க பரீட்சைக்காக நான் ஸ்பானரைக் கீழ வைக்கணுமா?

— பரீட்சைக்காக மட்டும் சொல்லல. இந்த ஒப்பந்தம் விழுந்தா முதலாளி என் நாற்காலியை இழுத்துடுவாரு. இந்த வயசுல என்னை எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்? உன் நிழல்ல உக்காந்து சாப்பிடணும். அது ஒண்ணும் எனக்கு அவமானம் இல்ல, ஆனா பழக்கம் இல்ல. இதையெல்லாம் தாண்டி இன்னொண்ணு இருக்கு. நான் நம்பித்தான் விக்கிறேன். வாடகைன்னா மட்டம்னு நீ நினைக்கிற. அப்படி இல்லடி. வார்த்தை சுத்தமா இருந்தா வாடகையும் சொந்தம் மாதிரிதான். ஆறு வருஷமா இதைத்தான் ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் போய்ச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— நீங்க நம்பி விக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் உங்ககிட்டயே கேக்கிறேன். வருமா, வராதா?

— நான் சொன்னா நம்புவியா?

— வீட்டு விஷயத்துல நீங்க சொன்ன பொய்யை மூட்டை கட்டி வைக்க இந்த ஹேங்கர் பத்தாது. பல்லு விளக்கினேன்னு சொல்றதுல இருந்து ஆரம்பிக்கலாம். ஆனா வேலைன்னு வந்துட்டா, இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. நீங்க வரும்னு சொன்னா, நான் பிரிக்க மாட்டேன். உங்க வார்த்தையை வச்சுத்தான் டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்லுவேன்.

— இப்படித் தலையில கல்லைத் தூக்கி வைக்கிறியே.

— கல்லு இல்ல, ஜெனரேட்டர். எடை தெரியும்ல?

— அத்தான், பதிவுக்காக இல்லாம கேக்கிறேன். உங்க மனசுல என்ன படுது?

— படுறதைச் சொல்லவா? முதலாளி என் போனை எடுக்காம இருந்ததே இல்ல மாப்ளே. குளிக்கும்போதுகூட எடுப்பாரு. தண்ணி சத்தம் கேக்கும்.

— அப்ப காலையிலயே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கணுமே.

— வந்துச்சு. வந்ததை உள்ள வச்சுப் பூட்டிட்டேன். இவ முகத்தைப் பார்த்து ‘வராது போல இருக்கு’ன்னு எப்படிச் சொல்றது? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதன்னு அன்னைக்கே சொன்னா. நான் சிரிச்சேன்.

— நான் ஒண்ணும் ஜெயிக்கணும்னு அதைச் சொல்லல. இன்னைக்கு அந்த விமானம் வந்து இறங்கினா, முதல் ஆளா நான்தான் கை தட்டுவேன். மெக்கானிக் ஐயா, பெட்டியைத் திறந்து ஸ்பானரை எல்லாம் வரிசையா எடுத்து வையுங்க. தொட வேண்டாம். நான் சொல்றப்போ ஆரம்பிக்கலாம்.

— அக்கா, அத்தான் போன் அடிக்குது.

— முதலாளிதான். இந்தா, பாரு, எடுக்காம இருந்ததே இல்லன்னு இப்பத்தான் சொன்னேன்.

— எடுங்க. நல்ல சேதியா இருக்கட்டும்.

— நல்லதோ கெட்டதோ, நான் வாங்கி உனக்குச் சொன்னா அதுல வியாபாரி வாசனை அடிக்கும். சரி, எடுக்கிறேன். எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க. வணக்கம் முதலாளி.

— என்ன ராசா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? வீடு பத்திக்கிச்சா?

— வீடு பத்தல முதலாளி. விமானத்தை வழிமேல விழி வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கோம்.

— அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். என்ன ராசா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கே?

— பெரிய ஹேங்கர் முதலாளி. எதிரொலிக்கும்.

— பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?

— அவங்கவங்க அவங்கவங்க வேலையில இருக்காங்க. நீங்க சொல்லுங்க.

— விமானம் இன்னைக்கு வராது ராசா. எஞ்சின்ல கோளாறு. நாளைக்குச் சரியாயிடும்னு சொல்லிடு.

— அப்படியா. என்ன கோளாறுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? இவங்க எல்லாம் விமானத்தைக் கரைச்சுக் குடிச்சவங்க. எண்ணெய் ஒழுகுதா, விசிறித் தகடு உடைஞ்சிருக்கா, எந்த எஞ்சின்னு கேப்பாங்க.

— ஏதாவது ஒண்ணைச் சொல்லு. உனக்குத் தெரியாததா?

— தெரியாம சொன்னா மாட்டிக்குவேன் முதலாளி. நீங்க என்கிட்ட உள்ளதைச் சொன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி நான் பேசலாம். ஆறு வருஷமா உங்க உப்பைத் தின்னுறவன். என்கிட்ட என்ன ஒளிவு?

— சரி, உன்கிட்டதானே சொல்றேன். எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. சிங்கம் மாதிரி பறக்குது. நேத்து சாயங்காலம் எண்ணெய்க் கிணத்துக்காரங்க கூப்பிட்டாங்க. புயல்ல அவங்க மிஷின் எல்லாம் போயிடுச்சாம், உடனே புதுசு இறக்கணுமாம். நாம கேக்கிறதுக்கு மேல குடுக்கிறேன்னு நிக்கிறாங்க. என்ன பண்ணச் சொல்ற? விமானம் ஒண்ணு, கேக்கிறவன் பத்து.

— ஆனா முதல்ல கூப்பிட்டது நாங்கதானே முதலாளி?

— முதல்ல கூப்பிட்டா ஆச்சா? நானும் கம்பெனி நடத்தணும்ல. என்ன, புரியுதா? ராணுவம் எங்க போயிடும், சொந்தமா ஒண்ணும் கிடையாது, நம்மகிட்டதான் வந்து நிக்கணும். எண்ணெய்க்காரன் அப்படியா? விட்டா வேற ஆளைத் தேடிப் போயிடுவான்.

— எனக்குப் புரியுது. நாளைக்கு வருமா?

— நாளைக்கு எங்க வர்றது? அடுத்த வாரத்துக்கு முந்தி தலையைக் காட்டாது.

— அப்ப நாளைக்குன்னு நான் ஏன் சொல்லணும்?

— நாளைக்குன்னு சொன்னாத்தானே ராசா காத்திருப்பாங்க? அடுத்த வாரம்னா வேற வழி பார்க்கப் போயிடுவாங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஒப்பந்தத்துல கையெழுத்து விழணும். விழுந்ததுக்கு அப்புறம் நாளான்னைக்கு, அதுக்கு மறுநாள்னு நகர்த்திக்கலாம். எஞ்சின் கோளாறுன்னா தவிர்க்க முடியாத காரணம், யாரும் நம்மளைக் கேக்க முடியாது. அதுக்குத்தான் ஒப்பந்தத்துல அந்த வரியையே எழுதி வச்சேன்.

— எல்லா வாடிக்கைக்காரங்களுக்கும் அந்த வரி இருக்கா முதலாளி?

— எல்லாருக்கும்தான். ஆத்துல இறங்குறவனுக்குத் துடுப்பு வேணாமா?

— சரக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஆஸ்பத்திரிக்குப் போற ஜெனரேட்டர்.

— தெரியும். பாவம்தான். நான் என்ன மனுஷன் இல்லையா? ஆனா ஆஸ்பத்திரின்னா ஏதாவது வழி பண்ணிக்குவாங்க. ராணுவம் ஆச்சே, கை கால் இல்லாமலா இருக்கு?

— வழி இருக்கு முதலாளி. ஜெனரேட்டரைப் பிரிச்சுச் சின்ன விமானத்துல கொண்டு போகலாம்.

— ஐயையோ, பிரிக்க விட்டுடாத. பிரிச்சுக் கொண்டு போயிட்டாங்கன்னா, வாடகை இல்லாமலே வேலை நடக்கும்னு ஆயிடும். குழு வேற மாதிரி யோசிக்க ஆரம்பிச்சுடும். பிரிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்றது யாரு?

— என் சம்சாரம்.

— அட, அப்புறம் என்ன ராசா? அல்வா மாதிரி ஆச்சே வேலை. நாளைக்கு வந்துடும்னு வீட்டுக்காரன் சொன்னா, அந்தம்மா நம்பாதா?

— நம்புவா முதலாளி. அதுதான் என் கஷ்டம்.

— என்ன கஷ்டம்? இதுக்கா சம்பளம் குடுக்கிறேன்? பேச்சுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்? அந்த நிதிக்காரப் பையன், அவனும் உன் மச்சினன்தானே?

— அவனும்தான். ஆனா அவன் பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுதுற ரகம்.

— அப்ப அவன் காதுல எதுவும் விழாம பார்த்துக்க. வெளிய கூட்டிட்டுப் போய் நல்லா சாப்பாடு வாங்கிக் குடு, கம்பெனி கணக்கு. இன்னைக்கு மட்டும் இதை முடிச்சுக் குடு ராசா, அடுத்த வருஷம் நீ ஏஜென்ட் இல்ல, பங்குதாரர். உன் பேர் போர்டுல இருக்கும்.

— பங்குதாரரா?

— ஆமா. எத்தனை நாளைக்கு அடுத்தவன் நாற்காலியிலயே உக்காருவ? சொந்தமா ஒண்ணு வேணாமா?

— நீங்களே சொந்தம்னு சொல்றீங்களே முதலாளி. இத்தனை வருஷமா வாடகைதான் சிறப்புன்னு உங்ககிட்டதானே படிச்சேன்?

— அது வாடிக்கைக்காரனுக்குச் சொல்றது ராசா. நம்மளுக்கு இல்ல. அது சரி, அங்க என்ன டங்கு டங்குன்னு சத்தம்? காது வலிக்குது.

— இரும்பு புழங்குற இடம் முதலாளி.

— இப்பத்தான் ஆரம்பிச்ச மாதிரி இருக்கே?

— கொஞ்ச நேரம் ஆச்சு. ‘சிங்கம் மாதிரி பறக்குது’ன்னு நீங்க சொன்னீங்களே, அப்ப ஆரம்பிச்சது.

— என்னமோ சொல்ற, ஒண்ணும் விளங்கல. சரி, போனை வச்சுட்டு நேரா போய் உன் சம்சாரத்துகிட்டச் சொல்லு. முகத்தைக் கோணாம, சிரிச்ச மாதிரி சொல்லு. அந்தம்மா என்ன கேக்கும், நீ என்ன சொல்லுவ, என்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டு பார்க்கலாம்.

— அவர் சொல்லிக் காட்ட வேண்டாம் சார், நான் அவர் சம்சாரம்தான் பேசறேன். நீங்க வணக்கம் வாங்கின நேரத்துல இருந்து இந்தப் போன் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி மேசை மேலதான் கிடக்கு, என் தம்பி எழுதிக்கிட்டிருக்கான், பசங்க எஞ்சினைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாங்க, உங்க ஏஜென்ட் ஸ்பானரைக் கையில எடுத்துட்டாரு, நீங்க விட்ட இடத்துல இருந்து மேல சொல்லுங்க.